கிள்ளான் ஆற்றில் நட்ட கல்

ஜப்பானியர் ஆட்சி விதித்த தோக்கியோ நேரப்படி காலை மணி ஒன்பது. கோலாலம்பூர் வெயிலுக்கு இன்னும் ஏழரைதான்.

கணிப்பாளர்களின் தலைவரே! யாழ் மண்ணில் பிறந்து பிரிக்பீல்ட்ஸில் வேர்விட்ட பெருந்தகையே! கார்த்திகேசு ஐயா, வணக்கம்!

நில அளவைக் கணக்குகளைக் கையால் போடும் இவ்வறைக்கு முறை வகுத்தவர் தாங்கள். ஒரே கணக்கை இருவர் தனித்தனி அறையில், பேசாமல் போட வேண்டும். விடைகள் ஒத்தால்தான் தங்கள் கையொப்பம்.

போருக்கு முன் கப்பலில் வந்த கணித இதழைத் தேநீர் வேளையில் விளக்கினீர்கள். எந்தக் கூற்றையும் மெய்யா பொய்யா என்று தீர்க்கும் பொதுமுறை உண்டா என்று தருக்க அறிஞர்கள் கேட்டனர். இல்லை என்று காட்ட, 'முறை' என்பது என்னவென்று முதலில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகக் கணக்குப் போடும் ஒரு மனிதனைக் கற்பனை செய்தனர்: தாள், பென்சில், விதிகள்; வேறெதுவும் இல்லை.

"மூளையே வேணாமா? அப்ப அந்த ஆளு நம்ம வேலாயுதம்தான்லா!" என்றார் எங்களுள் ஒருவரான பழனியப்பன். அறை சிரித்தது. வேலாயுதமும் சிரித்தார்.

"ஓம், மூளை வேண்டாம். ஆனா அந்த ஆள் பக்கத்துத் தாளைப் பார்க்கமாட்டான்," என்றீர்கள்.

சென்ற மாதம் கிள்ளான் பாலத்தின் கணக்கு வந்தது. வேலாயுதம் மடக்கை அட்டவணையில் ஒரு வரி தவறிப் படித்தார். அடுத்த அறையில் பழனியப்பனுக்கு மரவள்ளிக்கிழங்குப் பங்கீட்டு வரிசைக்கு நேரமாகிவிட்டது. சன்னல் வழியே வேலாயுதம் தம் தாளை நீட்ட, பழனியப்பன் பார்த்தெழுதினார். விடைகள் ஒத்தன, தாங்கள் நம்பிக் கையொப்பமிட்டீர்கள். சிப்பாய்கள் கணக்குச் சொன்ன இடத்திலேயே, ஆற்றுக்குள் இடுப்பளவு நீரில், கரையில் நிற்க வேண்டிய அளவுக்கல்லை நட்டார்கள்.

ஜப்பானிய அதிகாரி தங்களை அறைந்தார். முறை என்னுடையது, ஆகவே பிழையும் என்னுடையது என்றீர்கள். கதவருகே நின்ற வேலாயுதத்துக்கு, அடி வாங்கியவர்போலக் கன்னம் எரிந்தது, வாய் திறக்கவில்லை. நடந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்களும் திறக்கவில்லை.

தங்கள் வேலை பறிபோனதைத்தான் இன்று பணி ஓய்வு என்று பாராட்டுகிறோம். தமிழறியாத அந்த அதிகாரி முன்வரிசையில் அமர்ந்து, ஒவ்வோர் 'ஐயா'வுக்கும் தலையாட்டுகிறார்.

தாங்களும் துணைவியார் சீதாலெட்சுமி அம்மையாரும் நோயின்றி, மீண்டும் அரிசிச் சோறு உண்ணும் நாள் கண்டு, நெடிது வாழ்க!

கணக்கீட்டறை ஊழியர்களாகிய நாங்கள் கையொப்பமிட்டுச் சட்டமிட்டுத் தரும் இம்மடலின் அடியில், அதிகாரியின் அறைக்குள் போகுமுன் தாங்கள் கேட்ட கேள்வியையும் எழுதுகிறோம். இதை இப்போது நின்று வாசிப்பவர் வேலாயுதம்.

"தம்பி வேலாயுதம், ரெண்டு பேரும் தனித்தனியாத்தானே செய்தனீங்கள்?"