ஜீவராணியின் கிளினிக் கொப்பி

— மூக்குல மயக்க கேஸ் புடிச்சா தூக்கம் வரும், அவ்வளவுதானே ஹபீஸ் டொக்டர். அதுக்கா லுணுகலையிலிருந்து ரெண்டு தடவ பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏறி எறங்க வச்சீங்க?

— தூங்க வைக்கிறது லேசு, ஜீவராணி. பித்தப்பைக் கல்லை எடுக்கிறதும் பெரிய காரியமில்ல. உங்க ஈரல்தான் யோசனை. ஸ்கேன்ல கொழுப்பு படிஞ்சிருக்கு.

— ரொட்டியும் சம்பலும் தின்னுட்டு மலை ஏறுறவளுக்கு எங்கேருந்து கொழுப்பு. எங்க கங்காணிக்கு இருக்கு, அவரைப் படுக்கப் போடுங்க.

— மூணு வேளையும் ரொட்டி, சீனி போட்ட தேத்தண்ணி. அதுவே போதும். கேளுங்க, ஈரலுக்குள்ள காவல் மாதிரி சில என்சைம் இருக்கு. கேஸால வர்ற நஞ்சை அதுங்கதான் அடக்கும். கொழுப்பு ஈரல்ல அந்தக் காவலே கொறைச்சல். சில கேஸ் அதை இன்னும் கொறைக்குதுன்னு எலிகள்ல பாத்திருக்காங்க. மனுசருக்கு எவ்வளவுன்னு சரியாத் தெரியாது.

— காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் பாதி ஆள் வந்த அன்னைக்கு, மொத்த மலைக் கொழுந்தையும் எடுக்கச் சொன்ன மாதிரி.

— அதேதான். கேஸ் இல்லாம ஊசி மருந்துலயே மயக்கிச் செய்வோமான்னு இருந்தேன். உங்க கிளினிக் கொப்பியில எழுதியிருக்கிறதைப் பாத்த பொறகுதான் கேஸ் குடுக்கத் தைரியம். ரெண்டாயிரத்து நாலுல குடல்வால் ஒப்பரேசன். அப்பவும் கேஸ்தான் குடுத்திருக்காங்க. நாலாம் நாள் சுகமா வீட்டுக்குப் போயிருக்கீங்க. அன்னைக்குத் தாங்கின ஈரல்தானே.

— சரிங்க.

— பழைய தழும்பு எந்தப் பக்கம்?

— இடப்பக்கம்.

— குடல்வால் இருக்கிறது வலப்பக்கம். சேலையைக் கொஞ்சம் ஒதுக்குங்க. ரெண்டு பக்கமும் தழும்பே இல்லையே.

— ஐயா, இது வெளிய போனா எனக்கு வேலையும் இல்ல, லயத்துல வீடும் இல்ல.

— தோட்ட ஆபீசுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. சொல்லுங்க.

— ஜீவராணி எங்கக்கா. நான் கலாராணி. அப்ப எனக்குப் பதினாறு, அந்த வயசுல தோட்டத்துல பேர் பதிய மாட்டாங்க. இருபது வருசமா அவ பேர்லதான் பெரட்டுல நிக்கிறேன். அடையாள அட்டை, கொப்பி எல்லாம் அவ பேர்தான்.

— அப்ப கேஸ் எடுத்தது உங்கக்கா. பரவாயில்ல, கூடப்பொறந்தவங்க தாங்கினதும் ஒரு கணக்குத்தான். அவங்களைக் கூட்டிட்டு வாங்க, ரத்தம் பாக்கலாம்.

— கொப்பியில நாலாம் நாள் வரைக்கும்தான் எழுதியிருக்கு ஐயா. பத்தாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சளாச்சு. பதிமூணாம் நாள் பொதைச்சோம். சாவைப் பதிஞ்சிருந்தா, மறுநாள் பெரட்டுல நான் யார் பேருக்கு ஆஜர் சொல்றது?