கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்த வாத்துங்க

அந்த நாற்காலி வேணாம்மா, அதுல ஒண்ணு தூங்குது. துண்டுக்கு அடியில பாருங்க, மஞ்சளா. கால் கொஞ்சம் கோணிக்கிச்சு, அதான் மத்ததுங்க மிதிச்சிடாம தனியா வெச்சிருக்கேன். நீங்க இப்படி ஜன்னல் பக்கம் வாங்க. ஷூவெல்லாம் கழட்டாதீங்க. இந்தத் தரையைப் பாத்தப்புறம் யாரும் ஷூ கழட்டமாட்டாங்க. வாத்துக்குஞ்சு இருக்கற வீட்ல தரை காஞ்சிருந்துச்சுன்னா குஞ்சு ஒண்ணும் உசுரோட இல்லன்னு அர்த்தம்.

பேரு அப்புறம் சொல்லிக்கலாம். யாருன்னு தெரியும். வென்டல் க்ரூகர் வீட்டு வாசல்ல காரை விட்டுட்டு ரோட்டோரமா நடந்து வந்தீங்க, பாத்துக்கிட்டுதான் இருந்தேன். வர்ற சனிக்கிழமை அவன் மண்டபத்துல கல்யாணம், நீங்க பொண்ணுக்கு அம்மா. இல்லியா பின்ன. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாரும் மூஞ்சிய இப்படி வெச்சிக்கிட்டு வரமாட்டாங்க.

வாழைப்பழ பிரெட்டா? நீங்களே செஞ்சீங்களா, இல்ல அவன் சொல்லி வாங்கிட்டு வந்தீங்களா? நீங்க செஞ்சதுன்னா வாங்கிக்கறேன். சரி, குடுங்க. வாசனை நல்லாருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், ஞாயித்துக்கிழமைச் சந்தையில வெயில்லயும் பனியிலயும் நின்னு வாத்து முட்டை வித்தவ நான். எம் புருஷன் டெல்மர் டிராக்டர் ஓட்டுவாரு, விக்கறது வாங்கறது பூரா நான். இனிப்பைக் கையில குடுத்துட்டுப் பேச ஆரம்பிக்கறவங்க கடைசியில என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். சனிக்கிழமை ஒரு நாள் வாத்தையெல்லாம் கொட்டாயில போட்டுப் பூட்டி வைக்கணும், அதானே.

மாட்டேன்.

காப்பி குடிக்கறீங்களா?

கோவம் இல்லம்மா உங்க மேல. உங்களை எனக்கு யாருன்னே தெரியாது. இந்தாங்க, சர்க்கரை போட்டுக்கங்க. ஐயோ, அதைப் போடாதீங்க, அது ஈஸ்ட் தூளு. குஞ்சுங்க தீனியில தூவறது. கோழித் தீனிய மட்டும் போட்டா வாத்துக்குஞ்சுக்குக் கால் வளைஞ்சு போயிடும். கடையில விக்கறவன் சொல்லமாட்டான். ஈஸ்டர் சமயத்துல புள்ளைங்க அழுவுதுன்னு வாங்கிட்டுப் போவாங்க, ரெண்டு வாரத்துல கால் இழுத்துக்கும், கொண்டாந்து எங்கயாச்சும் குளத்துல விட்டுட்டுப் போயிடுவாங்க. குளத்துல விட்டா நீந்திக்கும்னு நெனப்பு. நீந்தும், அப்புறம் முழுகிடும். தாய் வாத்து இருந்தாதான் அதோட எண்ணெ குஞ்சு ரோமத்துல ஏறும். நாம பொரிச்ச குஞ்சு தண்ணியில நனைஞ்சா பஞ்சு மாதிரி ஊறி வெறைச்சிப் போயிடும். அதான் பாருங்க, கிண்ணத்துல கூழாங்கல்லு போட்டு வெச்சிருக்கேன். மூக்கு முழுகணும், உடம்பு முழுகக் கூடாது.

கையில எடுத்துப் பாருங்க. பயப்படாதீங்க, அது கடிக்கல, உங்க மோதிரத்தை ருசி பாக்குது.

போன மாசக் கல்யாணத்துல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குச் சொன்னானா? சொல்லியிருக்கமாட்டான். ஊர்க்காரங்க சொல்லித்தான் நீங்களே கேள்விப்பட்டிருப்பீங்க. பொண்ணு கைய அவங்கப்பா புடிச்சிக்கிட்டு நடந்து வர்றாரு. எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. அந்த நேரம் பாத்து எங்க வாத்துங்க வேலிக்கு அடியில நுழைஞ்சு, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா, அந்த வெள்ளத் துணி விரிச்ச நடைபாதையில ஏறிடுச்சுங்க. பொண்ணுக்கு முன்னாடி அதுங்க போகுது. பாட்டு வாசிக்கற பொண்ணு நிறுத்தவே இல்ல, பாவம், வாத்துக்கே வாசிச்சுது. வாத்து சும்மா போகுமா? போற வழியெல்லாம் போட்டுக்கிட்டேதான் போகும். அந்தப் பொண்ணோட கவுனு வால் நீளம். அவ்ளோதான் சொல்வேன்.

அதுக்கு முன்னாடி கல்யாணத்துல கேக்கு.

சிரிக்கலாம்மா, தப்பில்ல. நானும் இந்த ஜன்னல்ல நின்னு அடுப்பைப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சேன்.

அவன் சும்மா இருக்கல. தீனிக்குத்தான் வருதுன்னு நெனச்சு சாப்பாட்டை உள்ள மாத்தினான். வந்துச்சு. பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி வேலி மேல நட்டான். அதோட நெழல்ல உக்காந்து தூங்குச்சுங்க. நாய் வாங்கினான். நல்ல நாய், வாத்துங்களோட சிநேகமாயிடுச்சு. வேலிய அடைச்சுத் தொலையேன்டான்னா அதைச் செய்யமாட்டான். வெள்ளக் கட்டையில வேலி போட்டிருக்கான், போட்டோவுல அழகா விழணும்னு. கீழ்க் கட்டைக்கும் தரைக்கும் நடுவுல வாத்து தலையக்கூடக் குனியாமப் போகும். கம்பி வலை கட்டினா படத்துல அசிங்கமா இருக்குமாம். அந்தப் பக்கம் வேலி போட்டு வைக்க வேண்டியது குளத்துக்காரன் பொறுப்புன்னு அவன் வாங்கின பத்திரத்துலயே இருக்கு. அவன் வக்கீலே படிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு.

ஆமாம்மா, வாங்கினான். பரம்பரைச் சொத்துன்னு சொன்னானா உங்ககிட்ட? அட. அந்தக் குளம் எங்களுதும்மா. டெல்மரு தானே தோண்டினது. எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷம், ஓசி எந்திரம் வாங்கி, அந்தப் பள்ளத்துல மழைத்தண்ணி நிக்குது, கரை கட்டினா வாத்து விடலாம் லோர்னான்னு சொல்லி வெட்டுனாரு. நான் குஞ்சு பொரிச்சு இந்த அடுப்படியில வளத்து, ரோமம் மாறுனதும் கொண்டுபோய் அதுல விடுவேன். என் பொழப்பே அதாம்மா. குளம் இல்லாம வாத்துக்காரின்னா, மாவு இல்லாத ரொட்டிக்கடை.

அவரு நோவுல விழுந்து போய்ச் சேந்தாரு. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பாங்க்ல வாங்கினது கழுத்துக்கு வந்துச்சு. பண்ணைய நாலு துண்டாப் போட்டு ஏலம் விட்டாங்க. சோளக்காடு பூரா போகட்டும், வீடும் குளமும் இருந்தாப் போதும்னு இருந்தேன். வீடு நின்னுச்சு. குளத்துத் துண்டை நான் ஏலத்துல எடுக்கணும்.

நீங்க டவுன்காரங்க, உங்களுக்குத் தெரியுதோ என்னமோ. எங்க பக்கம் பண்ணை ஏலத்துக்குன்னு ஒரு மொறை இருக்கு. எங்கயும் எழுதி வெச்சதில்ல. செத்தவன் பொண்டாட்டி ஒரு துண்டுக்குக் கை தூக்கினான்னா, அதுக்கு மேல யாரும் வாய் தொறக்கக் கூடாது. பரம எதிரியா இருந்தாலும் தொப்பியக் கையில எடுத்துக்கிட்டு பூமியப் பாத்துக்கிட்டு நிப்பான். ஏலக்காரரும் சும்மா ஒப்புக்கு, வேற யாராச்சும் உண்டா, வேற யாராச்சும் உண்டான்னு கேட்டுட்டு சுத்தியலத் தட்டிடுவாரு. கேக்கறவ குடுக்கற விலைக்கு முடிஞ்சுபோகும். எங்கப்பா காலத்துலயிருந்து அப்படித்தான்.

அன்னிக்கும் அப்படித்தான் நின்னாங்க. ஊரே வந்திருந்துச்சு. நான் கை தூக்கினேன். காத்து சத்தம் மட்டும்தான். ஏலக்காரரு சுத்தியல ஓங்கிட்டாரு.

விதை போடற எந்திரத்துப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தான் வென்டலு. எம் புருஷன் சவப்பெட்டியத் தூக்கின ஆறு பேர்ல ஒருத்தன். சாவுக்கு வந்தப்ப என் கையப் புடிச்சு, என்ன வேணும்னாலும் கேளு லோர்னான்னு சொன்னவன். அவன் சொல்றான்,

இன்னும் மேல.

எனக்குக் காதுல விழல. ஏலக்காரருக்கும் விழலன்னு நெனக்கறேன், இல்ல விழாத மாதிரி நின்னாரு. அவன் சத்தமா மறுபடி சொன்னான். நான் ஏத்திக் கேட்டேன். அவனும் ஏத்துனான். பின்னாடி யாரோ, வென்டல் வாய மூடுடான்னாங்க. மூடல. எங்கிட்ட இருந்தது தீந்துபோச்சு, அவன்கிட்ட தீரல. சுத்தியல் விழுந்ததும் எங்கிட்ட வந்து, மனசுல வெச்சுக்காத, வியாபாரம்தானே, நீயும் வியாபாரிதானேன்னான்.

வியாபாரிதான். அதனாலதான் மனசுல வெச்சுக்கிட்டேன். வியாபாரத்துல விலை பேசலாம், எடையில கூட ஏமாத்தலாம், அதையும் பாத்திருக்கேன். ஊரே வாயக் கட்டிக்கிட்டு நிக்கறப்ப ஒருத்தன் மட்டும் வாயத் தொறந்து ஜெயிக்கறதுக்கு வியாபாரம்னு பேரு இல்ல.

அப்புறம் என்ன, மாட்டுக் கொட்டாயக் கழுவிவிட்டு, விளக்குச் சரம் தொங்கவிட்டு, கல்யாண மண்டபம்னு போர்டு மாட்டுனான். குளத்துக்கு முன்னாடி நிக்கவெச்சு போட்டோ. எங்க டெல்மரு கட்டின கரையில. வாத்துங்களுக்கு நான் கொழந்தைங்க குளிக்கற பிளாஸ்டிக் தொட்டி வாங்கிப் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு, இதுங்களுக்குக் குளம் எதுக்கு, வாளியே போதும்போல இருக்கேன்னு சொன்னாம்மா. சிரிச்சுக்கிட்டே. அன்னிக்கு நான் கையில இருந்த மண்வெட்டியக் கீழ வெச்சிட்டு உள்ள வந்தேன். வெச்சிட்டுத்தான் வந்தேன், அதுக்கு அவன் சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்தணும்.

இல்லம்மா, நான் பாவமன்னிப்பெல்லாம் குடுக்கற ஆள் இல்ல. பாதிரியாரும் வந்து சொல்லிட்டுப் போனாரு. அவருக்கு அரை டஜன் முட்டை குடுத்து அனுப்பிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்தக் குளம். அவன் மண்டபத்துக்குக் கடன் வாங்கியிருக்கான், கல்யாணம் நடக்கலன்னா கட்ட முடியாது. இந்தக் கோடை தாங்கலாம், அடுத்த கோடை தாங்காது. ஏலத்துக்கு வரும். வந்தா நான் கை தூக்குவேன்.

அழாதீங்கம்மா. குஞ்சைக் கீழ விட்டுட்டு அழுவுங்க, அது உங்க கண்ணீரக் குடிக்குது பாருங்க. வேற எடம் பாக்க முடியாதா? சர்ச்சுக்கு அடியிலயே பெரிய ஹாலு இருக்கு. கார்டெல்லாம் அனுப்பியாச்சா. பொண்ணோட அப்பாவா? எப்ப போனாரு? ஓ. அவருக்கு இந்த மாதிரி குளத்தங்கரையில பண்ணணும்னு ஆசையா.

இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன. வாழைப்பழத்துல ஆரம்பிச்சு.

இருங்க. என்ன?

ஆம்பள சத்தமா? பின் ரூம்லயா? இல்லம்மா, நான் தனியாத்தான் இருக்கேன். காது உங்களுக்குக் கூர்மை. யாரு குரல்னு தெரியுதா? நல்லாக் கேளுங்க.

ஆமா. அவனேதான்.

அட, உள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கல. வாங்க, காட்டறேன். கதவ மெதுவா. சத்தமாப் பேசாதீங்க உள்ள.

பாத்தீங்களா? இதான் இன்குபேட்டரு, முட்டைக்குச் சூடு குடுக்கற பெட்டி. மூக்கால தட்டித் தட்டி ஓட்டுல ஓட்டை போட்டிருக்கு பாருங்க, நாளைக்குள்ள வெளிய வந்துடும். பக்கத்துல போன் இருக்கே, அதுலதான் அவன் பேசிக்கிட்டிருக்கான். வாங்க, வெளிய போய்ச் சொல்றேன்.

முட்டைக்குள்ள இருக்கறப்பவே அதுங்களுக்குக் காது கேக்கும்மா. கடைசி நாள்ல எந்தக் குரல் கேக்குதோ அதான் தாயி. தாய் வாத்து முட்டை மேல உக்காந்து பேசிக்கிட்டே இருக்கும், வெளிய வந்ததும் அந்தக் குரல் எங்க போகுதோ பின்னாடியே போகும். செத்தாலும் மறக்காது. எங்க அண்ணன் மருமக அன்னிக்கு ஏலத்தை போன்ல படம் புடிச்சிருந்தா, ஞாபகத்துக்கு. அதுலயிருந்து எடுத்தேன். இன்னும் மேல, இன்னும் மேல. முட்டைக்கு அதைப் போடுவேன், குஞ்சுக்குத் தீனி வைக்கறப்ப போடுவேன், வளந்தப்புறம் கதவு தொறக்கறப்ப போடுவேன். அப்புறம் அவனே போன் பண்ணி, உன் வாத்து அதப் பண்ணுச்சு இதப் பண்ணுச்சுன்னு ஏசி வெச்சான் பாருங்க, நான் எடுக்கமாட்டேன், அதுல பதிவாகும். அதையும் சேத்துக்கிட்டேன். அவன் ஏச ஏச எனக்குச் சரக்கு.

மண்டபத்துல மைக்கப் புடிச்சு வரவேற்கறது அவனேதான். வேற யாருக்கும் தரமாட்டான், அவ்ளோ ஆசை தன் குரல் மேல. அவன் வாயத் தொறந்ததும் அம்மா கூப்புடறான்னு இதுங்க ஓடுது. பாவம், அதுங்க மேல என்ன தப்பு. நான் பொரிச்சு, நான் தீனி போட்டு, கால் கோணினா நான் கட்டு போட்டு. எம் பின்னாடி ஒண்ணுகூட வராதும்மா. நான் போனா ஒதுங்கி நிக்கும். அதுவும் அவன் கணக்குலதான் எழுதி வெச்சிருக்கேன்.

சனிக்கிழமை வாத்து வராது உங்க கல்யாணத்துக்கு. பூட்டறதெல்லாம் இல்ல. அவன் கையிலயிருந்து மைக்க நீங்க வாங்கிடுங்க, அவ்ளோதான். வேற யாரு பேசினாலும் இதுங்க திரும்பிக்கூடப் பாக்காது. மண்டபத்துக்காரன் நல்லாருங்கன்னுகூட வாயால சொல்லக் கூடாது. தலைய ஆட்டிட்டு ஓரமா, தொப்பியக் கையில புடிச்சிக்கிட்டு, பூமியப் பாத்துக்கிட்டு நிக்கணும்.

ஏன்னு கேட்டா சொல்லுங்களேன், நான் மறைக்கச் சொல்லமாட்டேன். தெரிஞ்சு என்ன பண்ணப் போறான், தொண்டைய மாத்திக்குவானா?