பி.டி. டீச்சருக்கு ஒரு வீல் சேர்

இருங்க, இருங்க... சாப்பாடு எங்கயும் ஓடிப்போகாது. இலை போடற சத்தம் கேட்டதும் பாதிப் பேர் வாசலைப் பார்க்கறீங்க. லிஃப்ட் மெக்கானிக் சங்க ஆண்டு விழாவுல வரியைப் பத்திப் பேசுன்னு என்னை மேடை ஏத்தினது நீங்கதானே? சட்டமெல்லாம் சொல்லப்போறதில்லை. சின்னதா ஒரு கதை. கதைகூட இல்லீங்க... எங்க வீட்டு வயித்தெரிச்சல்.

எங்க மாப்பிள்ளை பரஞ்சோதி. என் தங்கச்சி வீட்டுக்காரர். உங்களை மாதிரியே லிஃப்ட் மெக்கானிக். மாசச் சம்பளம் கிடையாது, கான்ட்ராக்ட்தான். வரியைப் பிடிச்சுக்கிட்டு மீதியைத்தான் கையில கொடுப்பாங்க. ஆனா வேலையில மனுஷன் எப்படி? லிஃப்டைத் தூக்கற கயிறைத் தன் கையால தொட்டுப் பார்க்காம சர்வீஸ் கார்டுல கையெழுத்துப் போடமாட்டார். "போன வாரம்தான் பார்த்தோம் சார்"னு அபார்ட்மென்ட்காரங்க சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டார். மேல ஏறி, டார்ச் அடிச்சு, தடவிப் பார்த்தாத்தான் பேனாவையே திறப்பார்.

அப்பேர்ப்பட்ட ஆளு... வரிக்கணக்கு காட்ட யார்கிட்டப் போனார்?

முதல்ல ஒழுங்காத்தான் போனார். உக்கடத்துல மெஹ்ருன்னிசான்னு ஒரு ஆடிட்டர் அம்மா. கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டுக் கேட்டாங்க. "டூல்ஸ் வாங்கின பில் இருக்குங்களா? சேஃப்டி பெல்ட் பில்? பெட்ரோல் கணக்கு? எந்த இடத்துல எவ்வளவு பிடிச்சாங்க?" மாப்பிள்ளைக்கு வேர்த்துப்போச்சு. "அடுத்த வாரம் வர்றேன் மேடம்"னு எழுந்தவர்தான். என்கிட்ட வந்து சொல்றார்... "மச்சான், அந்தம்மா என்ன, ஸ்டேஷன்ல விசாரிக்கிற மாதிரி விசாரிக்குது? எனக்குச் சரிப்படாது!"

அடுத்துப் போன இடம் எது தெரியுங்களா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை. ரயில் டிக்கெட்டும் அங்கதான், வருமான வரியும் அங்கதான். கடைக்காரன் பேரு குபேந்திரன். 'ரீஃபண்டு குபேந்திரன்'னாத்தான் ஊருக்குத் தெரியும். மாப்பிள்ளை அவன்கிட்டக் கேட்டது ஒரே கேள்வி. "எவ்வளவு திரும்பி வரும்?"

"பிடிச்சது மொத்தமும் வரும் சார். வந்ததுல பத்துல ஒரு பங்கு எனக்கு. பான், ஆதார், பாஸ்வேர்டு கொடுங்க... போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க."

டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சுபோச்சு! என்ன எழுதினேன்னு அவன் சொல்லலை. இவரும் கேக்கலை. பணம் வந்துச்சு. என் தங்கச்சி வளர்மதிக்கு ஒரு பட்டுப்புடவை, எனக்கு ஒரு வேட்டி. நானும் வாங்கிக் கட்டிக்கிட்டேன், மறைக்கலை.

அடுத்த வருஷம் வந்துச்சு பாருங்க ஒரு மெயில், வரி ஆபீஸ்ல இருந்து. "உங்களை நம்பி இருக்கிற மாற்றுத்திறனாளிக்காக வரிக் கழிவு கேட்டிருக்கீங்க. சர்டிபிகேட் இருந்தா காட்டுங்க. இல்லைன்னா திருத்தி, வட்டியோட கட்டுங்க."

யாரு அந்த மாற்றுத்திறனாளி? ...என் தங்கச்சி! ஐயா, அவ பி.டி. டீச்சருங்க! தினமும் காலையில இருநூறு புள்ளைங்களைக் கிரவுண்டைச் சுத்தி ஓடவிட்டு, எல்லாத்துக்கும் முன்னாடி ஓடறவ அவ!

குபேந்திரன்கிட்ட ஓடினோம். நானும் போனேன். அவன் அசரணுமே! "பதறாதீங்க சார். நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார், சர்டிபிகேட் வாங்கிடலாம். மேடம் ஒரே ஒரு நாள் வீல் சேர்ல உக்கார்ந்தாப் போதும்."

நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறேன். மாப்பிள்ளை என்ன பண்ணினார்? யோசிச்சார்! யோசிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போய், அவகிட்டக் கேட்டுப்புட்டார். "வளரு... ஒரே ஒரு நாள்தான்..."

அவ கத்தலை. கழுத்துல கிடந்த விசிலைக் கழட்டி டேபிள் மேல வச்சா. "ஏனுங்க, அந்தக் காகிதம் ஸ்கூலுக்குத் தெரிஞ்சா எனக்கு வேலை இருக்குங்களா? சரி, வேலை போகட்டும். நெசமாவே நடக்க முடியாத புள்ளை ஒண்ணு என் கிளாஸ்ல இருக்கு. அந்த சர்டிபிகேட்டுக்காக அவங்கம்மா அதை இடுப்புல தூக்கிக்கிட்டு நாலு தடவை ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சாங்க. அவங்க முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?"

அப்புறம் ஒண்ணு கேட்டா. "கயிறு தேஞ்சிருந்தா கயிறை மாத்துவீங்களா... இல்ல, கார்டுல 'நல்லா இருக்கு'ன்னு எழுதிட்டு வருவீங்களா?"

மறுநாள் காலையில ரெண்டு பேரும் உக்கடத்துக்குப் போனாங்க. ஆடிட்டர் அம்மா குபேந்திரன் எழுதினதைப் பார்த்துட்டுத் தலையில கை வச்சுக்கிட்டாங்க. "டூல்ஸ், பெல்ட், பெட்ரோல்... நியாயமாக் கழிக்க வேண்டிய செலவு ஒண்ணைக்கூட எழுதலையே!"

கேட்டீங்களா? இருந்த செலவை விட்டுட்டான், இல்லாத ஊனத்தை எழுதிட்டான்! ஏன்? செலவை எழுதணும்னா உங்ககிட்டக் கேள்வி கேக்கணும். பொய் எழுத எதுக்குங்க கேள்வி?

வட்டியோட கட்டினார். பொண்ணு ஹாஸ்டலுக்குன்னு எடுத்து வச்சது போச்சு. அந்தப் புள்ளை இப்ப தினமும் ரெண்டு பஸ் மாறிக் காலேஜுக்குப் போகுது. குபேந்திரன் வாங்கின பங்கைத் திருப்பிக் கொடுத்தானா? கடை ஷட்டரே இறங்கிக் கிடக்கு!

இப்ப உங்களைக் கேக்கறேன். அடுத்த வரிக்கணக்குக்கு யார்கிட்டப் போகப்போறீங்க? "எவ்வளவு வரும்"னு கேக்காதீங்க சாமி! "என் பேர்ல என்ன எழுதப்போறீங்க"ன்னு கேளுங்க. "நாளைக்கு லெட்டர் வந்தா கூட நிப்பீங்களா"ன்னு கேளுங்க. எவர் உங்களைக் கேள்வி கேட்டு வேர்க்க வைக்கிறாரோ, அவர் முன்னாடி உக்காருங்க. டீ குடிக்க அனுப்பறவன்கிட்டப் போகாதீங்க. எழுதறது யாரா வேணா இருக்கட்டும்... பதில் சொல்ல வேண்டியது நீங்க. உங்களோட சேர்ந்து விழறது உங்க பொண்டாட்டி, உங்க புள்ளை.

மாப்ளே... மூணாவது வரிசையில தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்கீங்களே, நிமிருங்க. இந்தக் கதையைச் சொல்லச் சொன்னதே அவர்தாங்க. பேரை மாத்திச் சொல்லட்டுமான்னு கேட்டேன். "வேண்டாம் மச்சான்... அந்தப் பொய்க்குக் கீழ என் பேரு தானே இருந்துச்சு"ன்னார்.