சிவப்பு நீலக் கரை போட்ட கவர்

— நோட்டெல்லாம் ஏன் சாக்குல போட்டுக் கட்டுறீங்க?

— பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடு நஃபீசா. சவூதி தம்மாம்ல எட்டாவது பசங்களுக்குக் கணக்கு நடத்த இதெல்லாம் எதுக்கு?

— பதினோரு வருஷம் எழுதினது மச்சான். நான் நிக்காஹ் ஆகி இந்தக் குடவாசலுக்கு வந்த அன்னிக்குக் கட்டில்ல பாதி இடம் இதுக்குத்தான் இருந்துச்சு.

— இனிமே கட்டில் பூரா உனக்குத்தான்.

— நல்ல நேரம் பாத்தீங்க கிண்டலுக்கு! அஸர் தொழுது முடிச்சா மெட்ராஸ் போற கார் வந்துடும். கும்பகோணத்துல காலேஜ் வேலை கையில இருக்கு. எந்தம்பி விசா எடுத்து அனுப்பிட்டான்னா போயே ஆவணுமா?

— மூஸாவைச் சொல்லாத. அவன் மூணு வருஷமா கூப்புட்டான், நான்தான் மாட்டேன்னேன்.

— அப்ப இப்ப மட்டும் என்ன வந்துச்சு?

— அதாவது... எனக்கு ஆராய்ச்சி வராது புள்ள. தெரிஞ்சு போச்சு.

— உங்களுக்கா? சோறு ஆறுறது தெரியாம உக்காந்து எழுதுற ஆளுக்கா?

— சொல்றேன் கேளு. ஒரு கணக்கு மரத்தைப் பத்திச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?

— ஏன் இல்லாம? சுமையாவுக்குச் சோறு ஊட்டுறப்ப கதையா சொன்னீங்களே. முடிவே இல்லாம வளருமாம், ஆனா ஒரு கிளைகூட உச்சி வரைக்கும் போவாதாம். அப்படி ஒரு மரம் உண்டான்னா, உண்டுன்னும் நிரூபிக்க முடியாது, இல்லைன்னும் நிரூபிக்க முடியாதாம்.

— அதேதான். ரெண்டும் முடியாதுன்னு நான் நிரூபிச்சேன். அதாவது, நிரூபிச்சுட்டேன்னு நெனச்சேன். நாப்பத்திரெண்டு பக்கம். கணக் கோட்பாட்டுல அதைப் படிச்சுச் சரி தப்பு சொல்ல இந்தப் பக்கத்துல யார் இருக்கா? எங்க பிரின்சிபாலே, 'பரீத், இதுக்குப் பதிலா டியூஷன் எடுத்தா பொழச்சுக்கலாம்'னாரு. அதான் தொண்ணூத்திமூணுல போலந்துல ஒரு பேராசிரியருக்கு அனுப்பினேன்.

— எங்கிட்ட சொல்லவே இல்லையே!

— பதில் வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். வரல. காலேஜ் விட்டு வர்றப்பல்லாம் போஸ்டாபீஸ் வாசல்ல நின்னு போஸ்ட்மேன் துரைராசுகிட்ட கேட்டுட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

— நீங்க... அதுக்கா நின்னீங்க?

— வேற எதுக்கு? தப்பா இருந்தாத்தான் அவ்வளவு பெரிய ஆளு பதில் போடாம விடுவாரு. எந்த எடத்துல தப்புன்னு நாலு வருஷமா வரி வரியாத் தேடுறேன் நஃபீசா. கிடைக்கல. சொந்தத் தப்பே கண்ணுல படலைன்னா நான் என்ன ஆராய்ச்சி பண்றது? 'தப்பு'ன்னு ஒத்த வரி எழுதிப் போட்டிருந்தாக்கூட திரும்ப முதல்லேருந்து உக்காந்திருப்பேன். இந்த ஊரை விட்டு அசைஞ்சிருக்க மாட்டேன்.

— மச்சான்...

— அழாத. ரெண்டு வருஷம்தான், வந்துடுவேன்.

— அதுக்கு அழல. கவர் வந்துச்சு.

— எந்தக் கவர்?

— வெளிநாட்டுக் கவர். சிவப்பு நீலக் கரை போட்டது. அந்த வருஷம் குறுவை அறுப்பு நடந்துகிட்டு இருந்துச்சு, சுமையா வயித்துல. நான்தான் வாங்கித் தையல் மிஷின் டிராயர்ல வச்சேன்.

— என்ன சொல்ற நீ! துரைராசு ஒண்ணும் வரலைன்னாரே!

— சொல்லிடாதீங்கண்ணேன்னு நான்தான் கெஞ்சினேன். அவரு மவனும் மஸ்கட்லதானே. கண்ணு கலங்கிப் போயி, சரிம்மான்னுட்டாரு.

— ஏன் நஃபீசா? ஏன்?

— விசான்னு நெனச்சேன்! எங்க வீட்டுல அந்தக் கவர் வந்தா ஒரு ஆம்பள கிளம்பிடுவாரு. என்னைப் பெத்த அத்தா அப்படித்தான் போனாரு. மவுத்தானப்ப முகம்கூடப் பாக்கல, அங்கேயே அடக்கிட்டாங்க. பின்னாடியே மூஸாவுக்கும் ஒண்ணு வந்துச்சு. உங்களையாவது விடக்கூடாதுன்னு இருந்தேன். நீங்க போஸ்டாபீஸ்ல நின்னதும் விசாவுக்குத்தான்னு...

— அப்புறமாவது குடுத்திருக்கலாமே.

— ஒரு மாசம் போச்சு, திட்டுவீங்கன்னு பயம். ஒரு வருஷம் போச்சு, அதைவிடப் பயம்.

— எடுத்துட்டு வா.

— இந்தாங்க. அல்லா அறிய, நான் பிரிக்கல.

— இரு, பிரிச்சுப் படிக்கிறேன்.

— என்னங்க, திரும்பவும் முதல்லேருந்து படிக்கிறீங்க? தப்புன்னு எழுதியிருக்காரா?

— இல்ல. நாப்பத்திரெண்டு பக்கமும் சரியாம். மூணு தடவை படிச்சுப் பாத்தாராம்.

— சரியா? அப்ப உங்களை அங்க கூப்புட்டிருப்பாரே! நான் பயந்ததும் சரிதானே! எப்ப கிளம்பி வரச் சொல்றாரு?

— வரவே சொல்லல நஃபீசா. 'எங்கேயும் போக வேணாம், இருக்குற எடத்துலயே இருங்க, மத்ததைத் தபால்லயே எழுதிப்போம்'னு எழுதியிருக்காரு.