முப்பத்தாறு தடவை

— லாக்கர்ல இவ்வளவுதான்க்கா இருந்துச்சு. டிபன் பாக்ஸ், ஒரு ஜோடி செருப்பு, மாமாவோட கண்ணாடி.

— கண்ணாடிக் காலுக்கு நூல் சுத்தி வச்சிருக்காரு பாரு... புதுசு வாங்கித் தரேன்னா கேட்டாதானே உங்க மாமா.

— நீ சாப்பிட்டியா?

— கேக்க வந்துட்டாரு பெரிய மனுஷன். உன் மூஞ்சிதான் பத்து நாள் பட்டினி கிடந்த மாதிரி இருக்கு.

— மேஜை முழுக்க என்னக்கா தாளு?

— உங்க பாய்லர் கணக்கு. நாளைக்கு விசாரணையில என்னைத்தான் முதல்ல கேப்பாங்க. பாதுகாப்பா இருக்குன்னு எழுதிக் குடுத்தவ நான்தானே.

— அது வெடிச்சதுக்கு நீ என்ன பண்ணுவ? பம்பு, சென்சார், வால்வுன்னு ஆயிரம் இருக்கு. எது எப்ப காலை வாரும்னு யாருக்குத் தெரியும்?

— தெரியாதுன்னுதான்டா கணக்கே போடறது. மத்ததெல்லாம் புதுசு. சேஃப்டி வால்வு ஒண்ணுதான் பழசு. அழுத்தம் ஏறினா அது தானா திறக்கணும். நூத்துக்கு அறுபது தடவைதான் திறக்கும்னு ஆரம்பிச்சேன்.

— அறுபதா? கடைசியில தொண்ணூத்தஞ்சுன்னு எழுதியிருந்தியே...

— உன் நோட்டை வச்சு. மாசாமாசம் நீ சோதிச்சு, 'திறந்துச்சு'ன்னு எழுத எழுத என் நம்பிக்கை ஏறும். முப்பத்தாறு மாசம், முப்பத்தாறு தடவை. ஒரு தடவைகூட தப்பலை. அதைப் பார்த்துட்டுத்தான் வால்வை மாத்தறதைத் தள்ளிப் போட்டாங்க.

— அக்கா...

— சொல்லு.

— அந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம் அனல்ல நிக்கணும். முதல் ரெண்டு மாசம் நின்னேன். அப்புறம்...

— அப்புறம்?

— நாற்காலியில உக்காந்தே எழுதிட்டேன். மிச்சம் முப்பத்தி நாலும். மாமாவை நான்தான்க்கா கொன்னுட்டேன்... அடி. திட்டு. ஏதாவது பண்ணு.

— முதல்ல உக்காருடா.

— நாளைக்கு நானே சொல்லிடறேன். உன் கணக்குல தப்பில்லை, நான் எழுதினதுதான் பொய்யின்னு. உனக்கு ஒண்ணும் ஆகாது.

— ரிப்போர்ட்டை அனுப்பின அன்னைக்கு உங்க மாமா கிண்டலா கேட்டாரு... 'என்ன மேடம், தைரியமா வேலைக்குப் போகலாமா?'ன்னு. தாராளமா போங்கன்னேன்.

— உனக்கு எப்படிக்கா தெரியும்? நான்தானே ஏமாத்தினேன்.

— உன் நோட்டுல மூணாவது மாசத்துலேர்ந்து எல்லா வரியிலயும் ஒன்பது புள்ளி ரெண்டு... ஒன்பது புள்ளி ரெண்டு. எந்த வால்வும் மாசாமாசம் அச்சு அசலா அதே அழுத்தத்துல திறக்காதுடா. அனுப்பறதுக்கு முன்னாடியே பார்த்தேன். வேற எவன் எழுதியிருந்தாலும் முப்பத்தி நாலையும் அடிச்சுப் போட்டிருப்பேன், கணக்கு எழுபதோட நின்னிருக்கும். கீழே உன் கையெழுத்து இருந்துச்சு... விட்டுட்டேன்.