சீலைத் துண்டில் போட்ட கட்டு

"ஷெல்! படு ராசா, படு!"

நான்தான் கத்துகிறேன். மகன் சீலன் புழுதியில் குப்புற விழுகிறான். அவன்மேல் நான். ஒரு 'டொம்'. எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. இன்னொரு 'டொம்'. நிலம் வயிற்றில் உதைக்கிறது. கூவல் சத்தம் இல்லை. ஷெல் என்றால் கூவிக்கொண்டு வரும். பிறகுதான் உறைக்கிறது.

தலையைத் தூக்குகிறேன். சனம் சிரிக்கிறது.

இது மன்னார் இல்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் ரோடு. 2006. பின்னேரம் நாலு மணி. படகில் வந்து மண்டபம் முகாமில் பதிந்தோம். பெரம்பலூர் அகதி முகாமுக்குப் போகச் சொல்லித் துண்டு தந்தார்கள். அந்த ஊருக்கு ரயில் இல்லையென்று எங்களுக்குத் தெரியாது. ரயிலில் வந்து, அரியலூரில் இறங்கி, பஸ் ஏறினோம். வழியில் டயர் பஞ்சர். தேநீர்க்கடை முன்னால் நின்றோம்.

"என்ன ஆயா, ரோட்டுல நீச்சல் பழகுறியா?" என்றார் கண்டக்டர்.

கடைக்காரப் பெண் அவரை முறைத்தாள். "சும்மா இருங்க. பயந்துட்டாங்க பாவம். சுண்ணாம்புக் கல்லுக்கு வெடி வைக்கிறாங்கம்மா. தெனம் நாலு மணிக்கு வைக்கிறதுதான்."

சீலனின் சாரத்தில் இரத்தம். கெண்டைக்காலில் படகு ஆணி கிழித்த காயம். இரண்டு விரல் நீளம். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவனுக்கு வயது இருபத்திரண்டு. காயத்தோடு கண்டால் புலிகள் இயக்கத்துப் பொடியன் என்று பிரித்துத் தனி முகாமுக்குக் கொண்டுபோவார்கள். மண்டபத்தில் சாரத்தை இறக்கிக் கட்டித் தப்பினோம். இப்போது விழுந்ததில் காயம் வாய் திறந்துவிட்டது.

"கொதித்த தண்ணி கொஞ்சம் தாங்கோ பிள்ளை. உப்பும்."

தந்தாள். கடைக்குப் பின்னால் போனோம். என் சீலையின் உள்தலைப்பைக் கிழித்தேன். பாதியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தேன். உப்புத் தண்ணீரை மெல்ல ஊற்றினேன். வெள்ளைப் புழுதி கரைந்து வழிந்தது. சீலன் துவாயைக் கடித்துக்கொண்டான். அவள் மஞ்சள்தூள் கொண்டுவந்தாள். வேண்டாமென்றேன். துணியில் ஊறினால் கண்ணில் படும்.

பிறகு கட்டினேன். கணுக்காலிலிருந்து மேலே. ஒவ்வொரு சுற்றும் முந்தினதில் பாதியை மூடும். கெண்டையில் ஒரு திருப்பு. முடிச்சு இல்லை. நுனியை உள்ளே செருகினேன். ஷெல்லுக்குப் பதுங்கின பங்கருக்குள் எத்தனையோ பேருக்குக் கட்டின கை. நடந்தாலும் அவிழாது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

அந்தப் பெண் ஒரு கைலியை நீட்டினாள். "மாத்திக்கச் சொல்லுங்க. எங்க வூட்டுக்காரருக்கு இன்னொன்னு இருக்கு."

பெரம்பலூர். முகாம் வாசல். ஐந்தரை மணி. அதிகாரி ஒருவர் ஆம்பிளைகளைச் சோதித்தார்.

"கைலியத் தூக்கு."

காயத்தை அவர் பார்க்கவில்லை. கட்டைப் பார்த்தார். மடிப்பின்மேல் விரலை ஓட்டினார்.

"யாரு கட்டுனது?"

"நான்தான் ஐயா."

"இப்படிக் கட்ட ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"சண்டைதான் ஐயா."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. பயிற்சி எடுத்தவர்கள் போட்ட கட்டு என்று எழுதினார். பழந்துணியைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டிருந்தால் விட்டிருப்பார். ஜீப் வந்தது. சீலன் ஏறும்போது நொண்டவில்லை.

2007இல் அவனை இலங்கைக்கே திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அதன்பிறகு கடிதம் இல்லை.

போனது இவ்வளவு. வீடு ஒன்று. வலை இரண்டு. பனை பதினேழு. என் மனுசன், ஷெல்லில். மூத்த மகன், கடலில். இளையவன் சீலன், நான் போட்ட கட்டால்.