தப்புச் சொல்லும் சனிக்கிழமை

மழைக்காலத்தில் எங்கள் மலைப்பாதைகளை நம்ப முடியாது. 1983இல் மாதக் கூட்டத்தைத் தொலைபேசிக்கு மாற்றியபோது நான் எழுதிக் கொடுத்த காரணம் அதுதான். பொய் இல்லை. அந்த ஜூனில் கரடியூர்ப் பாதையில் இரண்டு இடங்களில் மண் சரிந்திருந்தது.

நாங்கள் ஏழு பேர். எஸ்டேட் மருந்தகங்களில் கம்பவுண்டர்கள், நர்சுகள். டாக்டர் மாதம் ஒருமுறைதான் சேலத்திலிருந்து வருவார். மற்ற நாட்களில் நாங்களே டாக்டர்கள். அதனால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஒரு பள்ளி வகுப்பறையில் கூடுவோம். பதினோரு ஆண்டுகளாக அமைப்பாளர் நான்.

கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் அந்த மாதம் செய்த ஒரு தப்பை முதலில் சொல்ல வேண்டும். யாரும் குறித்துக்கொள்ளக் கூடாது, வெளியே பேசக் கூடாது. கேட்பதற்கு உயர்வாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தவன் நான். மாதேஸ்வரன் தப்பைச் சொல்லும்போது அழுவார். அழுது முடித்ததும் முறுக்கை எடுப்பார். ஜேசுதாஸ் போன மாதத் தப்பையே நோயாளியின் பெயரை மாற்றிச் சொல்வார். தப்பே செய்யாதவனை அவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

நான் எதையும் சொன்னதில்லை. கரடியூர்ப் பக்கத்து எஸ்டேட் நர்ஸ் இன்பமேரி ஒருமுறை கேட்டாள்.

“ஏனுங்கண்ணா, பதினோரு வருசமா உங்க கையில ஒரு தப்பும் நடக்கலீங்களா? அந்தக் கைய எங்களுக்கும் ஒரு நாளு இரவல் குடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூலைக் கூட்டம் தொலைபேசியில் நடந்தது. மூன்று மணிக்கு எக்ஸ்சேஞ்சில் ஏழு லைன்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எஸ்டேட்டுகளில் தொலைபேசி மேனேஜர் அறையில்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். என் மேனேஜர் சனிக்கிழமைகளில் சேலத்துக்குப் போய்விடுவார். அதுவும் தெரியும்.

ஐந்து பேர் “ஒண்ணுமில்லீங்க” என்றார்கள். பதினோரு ஆண்டுகளில் வராத திறமை ஒரே மாதத்தில் வந்துவிட்டது. இன்பமேரி மட்டும் தயங்கினாள்.

“ஒண்ணு இருக்குதுங்கண்ணா. நொம்ப முக்கியமுங்க. ஆனா இங்க மேனேஜர் தொரை பக்கத்துல உக்காந்திருக்காருங்க.”

வழக்கத்தை மாற்ற முடியாது, சொல்லம்மா என்றேன்.

சொன்னாள். சொல்லாவிட்டால் வேறு மருந்தகத்தில் ஒரு பிள்ளை குடித்துவிடும் என்று அவளுக்குப் பயம். எல்லா மருந்தகங்களுக்கும் புதிதாக வந்த சரக்கில் விளக்கெண்ணெயும், மேலே தேய்க்கிற கற்பூரத் தைலமும் ஒரே மாதிரிப் பழுப்புப் பாட்டிலில் இருந்தன. விளக்கெண்ணெய் என்று நினைத்து ஒரு குழந்தைக்கு ஒரு கரண்டி தைலத்தைக் கொடுத்துவிட்டாள். வாசனையில் உடனே தெரிந்துகொண்டு, எஸ்டேட் ஜீப்பில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு இறங்கினாள். பிழைத்துவிட்டது.

திங்கட்கிழமை அவளுக்கு வேலை போனது. புதன்கிழமை இரண்டு பிள்ளைகளோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்தாள். பிறகு மனுப் போட்டாள். நீங்கள் விசாரிக்க வந்தீர்கள்.

ஒன்றை யாரும் சொல்வதில்லை. அன்று மாலைக்குள் மற்ற ஐந்து மருந்தகங்களிலும் பாட்டில்களைப் பிரித்து வைத்துவிட்டார்கள். தொலைபேசியில் எதையும் கற்க முடியாது என்பவர்களுக்கு இது போதும்.

என் தைலப் பாட்டிலில் முன்பே சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் தேதி போட்டிருப்பதை நீங்கள்தான் பார்த்தீர்கள். ஜூன் இருபத்திரண்டு. எதை ஒட்டினாலும் தேதி போடுவேன். மற்றவர்களிடம் அந்தப் பழக்கம் கிடையாது.

ஜூன் இருபத்தொன்று, காலை. காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ராசாத்தி தன் மகளைக் கொண்டுவந்தாள். மூன்று வயது. இரண்டு நாட்களாக வெளிக்குப் போகவில்லை. இரண்டு கரண்டி கொடுத்தேன். எனக்குச் சளி, மூக்கு அடைத்திருந்தது.

“ஏனுங்க டாக்டரே, கோயில் வாசம் அடிக்குதுங்களே?” என்றாள்.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். மருந்து என்றால் வாசம் அடிக்கும் என்றேன்.

ஜீப் வாசலில்தான் நின்றது. சேலத்துக்கு அனுப்பினால் என்ன கொடுத்தாய் என்று கேட்பார்கள். குழந்தையைத் தூங்க வை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். மதியம் கைகால் இழுப்பு வந்தது. பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது. பதிவேட்டில் காய்ச்சல், இழுப்பு என்று எழுதினேன். ராசாத்தி என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கூட்டத்தை மாற்றும் கடிதத்தை இரண்டு நாள் கழித்து எழுதினேன். அது மழைக்காக.

நான் மறைக்கிற ஆள் இல்லை, ஐயா. ஜூலையில் நேரில் கூடியிருந்தால் அவர்களிடம் சொல்லியிருப்பேன்.